அடித்ததையும் சேர்த்து அனுப்பு

என் மகள் எனக்கு எழுதிய முதல் கடிதத்தில், விட்டுவைத்த வார்த்தைகளைவிட அடித்த வார்த்தைகள்தான் என் கண்ணில் பட்டன.

'அம்மா நான் (அடித்தது: அளுதேன்) நல்லா இருக்கென். பூனை (அடித்தது: செத்து) குட்டி போட்டுச்சு.'

அவ்வளவுதான் கடிதம். பூனை செத்ததா, குட்டி போட்டதா, குட்டி போட்டுவிட்டுச் செத்ததா என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டேன். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், கேள்வி போய்ப் பதில் வர அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ரொசாலி பூனையை மறந்து, பல் விழுந்த கதைக்குப் போய்விடுவாள். போய்விட்டாள்.

நான் இருந்த இடம் அப்படி. வியாழனின் நிலவு ஒன்றில் பனிக்கட்டியைத் துளைத்துப் பார்க்கக் கிளம்பிய கப்பல் எங்களுடையது. பெயர் பொருநை. பெயர்தான் ஆறு, உள்ளே நாங்கள் விட்ட மூச்சின் ஈரத்தையே வடிகட்டிக் குடித்துக்கொண்டிருந்தோம். என் அப்பாவுக்குப் பெரியதாழையில் ஐஸ் ஃபேக்டரி. நான் நடை பழகியதே அம்மோனியா வாடைக்கும் ஐஸ் பாளத்துக்கும் நடுவில்தான். பிறகு படித்துப் பட்டம் வாங்கி, குளிரூட்டும் பம்புகளோடு மல்லுக்கட்டுவதே பிழைப்பாகிவிட்டது. பனிக்கட்டி என்றதும் மேலிடத்துக்கு என் ஞாபகம் வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆசைப்படாத மாதிரி நடிப்பதற்கு இப்போது என்ன இருக்கிறது?

கிளம்பும்போது ரொசாலிக்கு ஐந்து வயது. "அம்மா சீக்கிரம் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மார்க்கெட்டுக்குப் போகிற அம்மாக்கள் சொல்வதைப் போல. திரும்பும் தேதியை மேலிடம் அதற்குப் பிறகு மாற்றியது, மறுபடியும் மாற்றியது. நான் மட்டும் 'சீக்கிரம்' என்ற வார்த்தையை மாற்றவே இல்லை.

முதல் வருடம் படமும் குரலுமாகப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பேசியது அவளைச் சேரவும் அவள் பேசியது என்னைச் சேரவும் நேரமாகும், ஆனாலும் முகம் தெரியும். பிறகு பெரிய ஆன்டெனா மக்கர் பண்ணியது. மடக்கி விரித்துப் பார்த்தோம், சூடு காட்டிப் பார்த்தோம், கெட்ட வார்த்தையில் திட்டியும் பார்த்தோம். அசையவில்லை. மிச்சமிருந்த சின்ன ஆன்டெனாவில் எழுத்து மட்டும் போகும். கப்பலை ஓட்டத் தேவையான கணக்குகள் போனபின் மிஞ்சுகிற இடத்தில், வீட்டுக்கு ஒரு பக்கம், வாரத்துக்கு ஒரு தடவை. குரலும் இல்லை, படமும் இல்லை.

ரொசாலி அப்போது ஒன்றாம் வகுப்பு. தன் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாது. அம்மா வேண்டுமென்றால் எழுதக் கற்றுக்கொண்டாக வேண்டும், வேறு வழியே இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு வந்த நெருக்கடியைப் பாருங்கள்.

என் கணவர் ததேயு, இப்போது ஐஸ் ஃபேக்டரியை நடத்துகிறவர், நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னார். 'அவள் சொல்லச் சொல்ல நான் தட்டி அனுப்புகிறேனே' என்று எழுதினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ததேயு எழுதினால் அது ததேயுவின் கடிதம். இத்தனை பாளம் போனது, இத்தனை உருகியது என்பதைப் போல, பிள்ளை சாப்பிட்டாள், தூங்கினாள் என்று வரும். 'அவளே எழுதட்டும். அவ எழுதுனத அப்படியே தட்டி அனுப்புங்க. பிழையத் திருத்தாதீங்க. அடிச்சதையும் சேத்து அனுப்புங்க' என்று கண்டிப்பாக எழுதினேன். மனிதர் அப்படியே செய்தார். ஒரு எழுத்தைக்கூட அவர் தொட்டதில்லை.

பிள்ளைகள் அடிக்கிற வார்த்தை இருக்கிறதே, அதில்தான் எனக்கு அவள் முகம் தெரிந்தது. சொல்ல வாயெடுத்து, பிறகு என்னை நினைத்து விழுங்கிய இடம் அது. இரண்டாம் வகுப்பில் ஒரு கடிதம் இப்படி வந்தது:

'அம்மா நாங்க கடலுக்கு போனோம். (அடித்தது: நீ இருந்தா) அப்பா சுண்டல் வாங்கி தந்தாங்க. எங்க டீச்சர் பேர் தங்கபுஷ்பம். உனக்கு அங்க டீச்சர் இருக்காங்களா? நீ எப்ப வருவ? எனக்கு (அடித்தது: பயமா) சட்டை சின்னதா போச்சு.'

இதைப் பம்பு அறையில் கம்பியைப் பிடித்து மிதந்துகொண்டு எத்தனை தடவை வாசித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் பதிலை மட்டும் நான் அவசரமாக எழுதமாட்டேன். மின்பலகையில் எழுதி, அழித்து, மாற்றி, பிள்ளை வாசிக்கிற கடிதம் என்பதால் பிழையில்லாமல் பார்த்துக்கொள்வேன். என் அழுகைச் சத்தம் அதில் கேட்டுவிடக் கூடாது. அதனால் இப்படித்தான் போகும்:

'அன்புள்ள ரொசாலிக்கு அம்மா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். இங்கே எல்லோரும் என்னை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள். நேற்று வியாழனின் மேல் ஒரு பெரிய புயலைப் பார்த்தேன். அது செம்மண் நிறத்தில் இருந்தது. கவலைப்படாதே. சீக்கிரம் வருவேன். நன்றாகப் படி.'

மூன்றாம் வகுப்பு தொடங்கியபோது அவள் கடிதத்தின் அடியில் ததேயு ஒரு குறிப்புச் சேர்த்திருந்தார். அவர் தனக்கென்று அந்தப் பக்கத்தில் இடம் எடுத்துக்கொள்வதே அபூர்வம்.

'ஸ்கூல்ல பிள்ளைங்களுக்குக் காதுக்குப் பின்னால ஒட்டுற பொட்டு ஒண்ணு குடுக்காங்க. எழுதப் பயப்படுற பிள்ளைங்க பயப்படாம எழுதுமாம். ஊர்ல திருஷ்டிப் பொட்டுன்னே பேர் வச்சுட்டாங்க. உனக்கு என்ன தோணுது?'

அந்த வாரம் ஒரு பம்பு நின்றுபோய், மற்றொன்று நிற்கப் பார்த்தது. 'உங்க இஷ்டம்' என்று எழுதிவிட்டு ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மழைக்காலத்தில் அந்தக் கடிதம் வந்தது.

'அன்புள்ள அம்மாவுக்கு ரொசாலி எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். இங்கே எல்லோரும் என்னை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள். இந்த வாரம் நம் ஊரில் நல்ல மழை பெய்தது. மழை நின்ற பிறகு கடல் பழுப்பு நிறமாக மாறியது. அப்பாவும் நானும் சன்னல் அருகே அமர்ந்து நிலக்கடலை சாப்பிட்டோம். கவலைப்படாதே. நான் நன்றாகப் படிக்கிறேன்.'

ஒரு பிழை இல்லை. ஓர் அடித்தல் இல்லை. நான் துள்ளிக் குதித்தேன் என்று சொன்னால் அது வெறும் பேச்சில்லை, எடையில்லாத இடத்தில் துள்ளினால் கூரையில் மண்டை இடிக்கும், இடித்தது. சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். "கடல் பழுப்பாச்சுன்னு எப்படிக் கவனிச்சிருக்கா பாருங்க, எட்டு வயசுல!" என்று கேப்டனிடம் பீற்றிக்கொண்டேன். அந்த மனிதரும் பாவம், தலையை ஆட்டினார். அடுத்தடுத்த கடிதங்களும் அப்படியே வந்தன. நார்த்தங்காய் ஊறுகாய் போட்டது பற்றி ஒன்று, மாதா கோயில் கொடியேற்றம் பற்றி ஒன்று. வட்டார அளவில் நடந்த எழுத்துப் போட்டியில் முதல் பரிசு வாங்கியதை ஒரே வரியில், அலட்டிக்கொள்ளாமல் எழுதியிருந்தாள்.

பெருமை அடங்கிய பிறகுதான் பசி தெரிந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தபின்னும் சோறு தின்னாத மாதிரி இருக்குமே, அப்படி. என்ன குறைகிறது என்று பழைய கடிதங்களையும் புதியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. அவள் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. மழைக்காலத்திலிருந்து ஒரு கடிதத்தில்கூட 'நீ எப்ப வருவ' இல்லை. பயமா என்று எழுதி அடித்த இடம் இல்லை. அவளுக்கு நான் தேவைப்படவில்லை.

கப்பலின் டாக்டர் ஜைனம்பு, காயல்பட்டினத்துக்காரர். வயதில் மூத்தவர் என்பதால், அவர் ஊர் வழக்கில் அக்காவைச் சொல்கிற மாதிரி, நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அறைக்குப் போனேன்.

"என்ன பிரகாசி, பம்பு சூடாச்சா, நீ சூடானியா?"

"ராத்தா, அந்தப் பொட்டு. பிள்ளைங்க காதுல ஒட்டுறாங்களாமே. அது உள்ள என்ன பண்ணுது?"

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "எழுத உக்காரும்போது நமக்கு ஒரு நடுக்கம் வரும்ல, வாசிக்கிறவங்க என்ன நினைப்பாங்களோன்னு? மூளையில அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு. பொட்டு அதத் தட்டித் தூங்க வச்சிரும். பயம் போயிட்டா கை தானா ஓடும்."

"அது மட்டும்தான் தூங்குதா?"

"நீ கெட்டிக்காரி. அங்கதான் சிக்கல். ஒருத்தங்க என்ன நினைப்பாங்கன்னு பயப்படுற இடமும், அவங்க பக்கத்துல இல்லையேன்னு ஏங்குற இடமும் அடுத்தடுத்த வீடு. ஒரு வீட்டுக்காரனத் தூங்க வச்சா அடுத்த வீட்டுச் சத்தமும் அடங்கிருது. கண்டுபிடிச்சவங்களுக்கும் அது தெரியும். பிள்ளைங்க சந்தோசமாத்தான இருக்குன்னு விட்டுட்டாங்க."

"நீங்க யாரையும் பாத்திருக்கீங்களா?"

"என் தம்பி மவ போட்டிருக்கா. தினம் பக்கம் பக்கமா எழுதுறாளாம். போன வருசம் அவ கூட்டாளிப் புள்ள ஒண்ணு காய்ச்சல்ல மவுத்தாயிட்டா. இவ அதப் பத்தி ஒரு கட்டுரை எழுதி, அந்தப் புள்ளையோட உம்மா கையிலயே கொண்டு குடுத்திருக்கா. அவ்வளவு அழகான எழுத்தாம். கண்ண மூடிக் கிடந்தது, பூ வச்சது, எல்லாம் அப்படியே. அந்த உம்மா பாதி வாசிச்சுட்டு மடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. இவளுக்கு ஏன்னே புரியல. 'நல்லா இல்லையா மாமி?'ன்னு கேட்டாளாம்."

நான் ரொசாலியின் கடிதங்களை அவரிடம் நீட்டினேன். பொறுமையாக வாசித்தார்.

"கழட்டச் சொல்லிரவா ராத்தா?"

"சொல்லலாம். ஆனா ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காத. உனக்காகக் கழட்டணுமா, அவளுக்காகவா?"

"அவளுக்காகத்தான்" என்றேன். எனக்கே நம்பும்படியாக இல்லை.

"இப்ப அவ தூங்குறா, சாப்பிடுறா, எழுதுறா, பரிசு வாங்குறா. கழட்டுனா கை நடுங்கும். எழுத்துல பிழை வரும். உன்ன நினைச்சு ராவெல்லாம் அழுவா. நீ எப்ப திரும்புவன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அழ வச்சுட்டு யாரு தேத்துறது? ததேயு ஒத்த ஆளா?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் வந்த கோபம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். பம்பு அறைக்குத் திரும்பி, சுத்தம் செய்யத் தேவையில்லாத வடிகட்டிகளையெல்லாம் கழற்றிச் சுத்தம் செய்தேன். பிள்ளை அழக் கூடாது என்று நினைக்கிற அம்மாவும் நான்தான், என்னை நினைத்து அழ ஒரு பிள்ளை வேண்டும் என்று நினைக்கிறவளும் நான்தான். இதைப் பாதிரியாரிடம் சொல்லிப் பாவமன்னிப்புக் கேட்கலாமா என்றால், அதற்கும் ஒரு பக்கத்தில் இடம் இல்லை.

அந்த வாரம் ரொசாலிக்கான பக்கத்தில் மேலே வழக்கமான வரிகளை எழுதிவிட்டு, கீழே ததேயுவுக்கு எழுதினேன். 'அவ காதுல இருக்கற பொட்டக் கழட்டிருங்க. டீச்சர் என்ன சொன்னாலும் சரி. நான் சுயநலக்காரின்னு நினைச்சாலும் சரி. எனக்கு அவ வேணும்.' அனுப்பும் விசையை அழுத்திவிட்டு, வழக்கத்தைவிட நீளமான ஒரு வாரத்தைக் கழித்தேன்.

பதில் வந்தது. இந்த முறை பக்கம் முழுக்கப் பெரியவர்களுடையது. ரொசாலி விட்டுக்கொடுத்திருந்தாள்.

'பிரகாசி, நீ என்ன சொல்லுதன்னு முதல்ல எனக்குப் புரியல. ரொசாலி காதுல பொட்டே கிடையாது. என் இஷ்டம்னு நீ சொன்னேல்ல, நான் அன்னிக்கே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். அந்த கிளாஸ்லயே பொட்டு வைக்காத பிள்ளை அவ மட்டும்தான். உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். பக்கத்துல இடம் இல்ல, அவ எழுதட்டும்னு விட்டுட்டேன். நீ கேட்டத டீச்சர்ட்ட காட்டுனேன். அவங்க உனக்கு எழுதணும்னு சொன்னாங்க. கீழ இருக்கு.'

ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அடுத்த நிமிடமே அது போய்விட்டது. பொட்டு இல்லையென்றால், என் பிள்ளை தானாகவா என்னைக் கேட்பதை நிறுத்தினாள்?

கீழே தங்கபுஷ்பம் டீச்சர் எழுதியிருந்தார்.

'ரொசாலி அம்மாவுக்கு வணக்கம். பொட்டு வைத்த பிள்ளைகள் என் வகுப்பில் நிறைய எழுதுகிறார்கள். யாருக்காக எழுதினாய் என்று கேட்டால் விழிக்கிறார்கள். ரொசாலி எழுதப் பயந்தாள். பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதனால் எல்லாரிடமும் சொன்னேன், உங்களுக்கு ரொம்பப் பிடித்த எழுத்து எதுவோ அதைக் கொண்டு வாருங்கள், அது எப்படி ஆரம்பிக்கிறது, எப்படி முடிகிறது என்று பார்த்து அது மாதிரி எழுதிப் பழகலாம் என்று. சிலர் கதைப்புத்தகம் கொண்டுவந்தார்கள். ரொசாலி உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்தாள். அவற்றை வகுப்புச் சுவரில் ஒட்டினோம். அவள் ஒவ்வொரு வரியாகப் பார்த்துப் பார்த்து எழுதினாள். அப்படித்தான் அவளுக்குத் துணிச்சல் வந்தது. நான் ஒருநாள் கேட்டேன், அம்மா எப்போது வருவார் என்று முன்பெல்லாம் எழுதுவாயே, இப்போது ஏன் எழுதுவதில்லை என்று. "எங்கம்மா அப்படில்லாம் எழுத மாட்டாங்க டீச்சர். நானும் அவங்கள மாதிரி நல்லா எழுதணும்" என்றாள்.'

பக்கம் அங்கே முடிந்தது.

என் பிள்ளையைப் பழையபடி ஆக்கக் கழற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லை. ரொசாலி உருகி உருகிப் படித்தது என்னைத்தான். நலமாக இருக்கிறேன், எல்லோரும் கவனித்துக்கொள்கிறார்கள், கவலைப்படாதே. அவளிடம் அடித்ததையும் சேர்த்துக் கேட்டு வாங்கிய நான், அவளுக்கு அனுப்பியதெல்லாம் கழுவித் துடைத்த பக்கங்கள். பதினோரு பேர் இருக்கிற கப்பலில் ஒதுங்கி அழ ஓர் இடம்தான் உண்டு. பம்பு சத்தம் போடுகிற இடம். அங்கே போய் அழுதேன். எடையில்லாத இடத்தில் கண்ணீர் கன்னத்தில் வழியாது, கண்ணிலேயே பந்தாகத் தங்கி எரியும்.

ஜைனம்பு ராத்தா தேடிக்கொண்டு வந்தார். கடிதத்தை வாங்கி வாசித்தார். என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"இப்ப என்ன பண்ணப் போற?"

"எழுதப் போறேன்."

"எப்பவும்தான் எழுதுற."

"இல்ல ராத்தா. என்னத்த எழுதுனேன்? லீவ் லெட்டர் மாதிரில்ல எழுதிருக்கேன்."

பலகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. முப்பத்தைந்து வயதில், பம்பையெல்லாம் பிரித்து மேய்கிறவளுக்கு, எட்டு வயதுப் பிள்ளைக்கு நாலு வரி எழுத வியர்த்துக் கொட்டியது. எழுதினால் அவள் பயந்துவிடுவாளோ, என் மேல் இருந்த நம்பிக்கை போய்விடுமோ, என்னைக் கோழை என்று நினைப்பாளோ. இதைத்தான் அவள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே வாரத்துக்கு ஒரு தடவை செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

என் நிலையைப் பார்த்துவிட்டு ராத்தா எழுந்துபோய் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே மிளகு அளவில் கறுப்புப் பொட்டுகள்.

"நமக்கும்தான் குடுத்து அனுப்பிருக்காங்க. ஒண்ணு ஒட்டிக்க. கை நடுங்காது. அழகா வந்துரும்."

நான் அந்த டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். ஆசையாகக்கூட இருந்தது.

"வேண்டாம் ராத்தா. நடுங்கட்டும்."

அவர் டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது, "மவ ஒன்ன வாசிச்சே எழுதப் படிச்சிருக்கா. அதையும் மறந்துராத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடிதம் இப்படிப் போனது. ஓர் எழுத்தையும் அழிக்கவில்லை.

'ரொசாலி, (அடித்தது: நான் நலமாக) நான் நல்லா இல்ல. உடம்புக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாத. (அடித்தது: கவலைப்படாதே) நீ கவலப்பட்டாலும் பரவால்ல. எனக்கு உன் குரல் மறந்துட்டு வருது. உன் முகம் ஆறு வயசு முகமாவே நிக்குது, அதுக்கு மேல வளர மாட்டேங்குது. இது எனக்கு ரொம்ப (அடித்தது: வருத்தம்) பயமா இருக்கு. சீக்கிரம் வருவேன்னு ஒவ்வொரு தடவையும் எழுதுனேன். (அடித்தது: அது) எப்ப வருவேன்னு எனக்கு நெசமாவே தெரியாது, அதான் அப்படி எழுதுனேன். நீ அடிச்சு அடிச்சு எழுதுறன்னு எனக்கு எப்பவும் கோவம் வந்ததில்ல, நீ அடிச்சு எழுதுனதத்தான் நான் திரும்பத் திரும்ப வாசிச்சேன். நீ பெரிய பிள்ளையாயிட்டியா? பல்லு எல்லாம் முளைச்சிருச்சா? என்ன நினைச்சா உனக்குக் கோவம் வருமா? (அடித்தது: நன்றாகப் படி) அம்மா.'

அனுப்பிய பிறகு அதைத் திரும்ப வாசித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த வாரம் முழுக்க, திருப்பி எடுக்க முடியாத ஒன்றைத் தெருவில் போட்டுவிட்டு வந்ததைப் போலத் தவித்தேன். பிள்ளை அழுதுகொண்டே இருப்பதாகக் கனவு. ததேயு என்னைத் திட்டுவதாகக் கனவு. பெட்டியில் கடிதம் விழும் நாளன்று நான் திரையின் பக்கமே போகவில்லை. ராத்தாதான் இழுத்துக்கொண்டு போனார்.

பக்கத்தில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. ததேயுவின் குறிப்பு இல்லை, டீச்சரின் குறிப்பு இல்லை. எல்லாம் அவள் எழுதியது.

'அம்மா உன் லெட்டர் வந்தது. டீச்சர் இதையும் சுவத்துல ஒட்டட்டுமான்னு கேட்டாங்க. நான் குடுக்கல. மத்த லெட்டர் எல்லாரும் வாசிக்கலாம். இது (அடித்தது: எல்லாருக்கும்) எனக்கு மட்டும் வந்தது. நான் அத தலையணைக்கு கீழ வச்சிருக்கேன். எனக்கு கோவம் (அடித்தது: இல்ல) நிறைய இருக்கு. நீ எப்ப வருவ? அப்பா சொல்ற தேதி வேண்டாம். நீ சொல்லு. தெரியாட்டி தெரியலன்னு சொல்லு. ஆனா ஒவ்வொரு வாரமும் சொல்லு.'

ராத்தா என் பின்னால் நின்று வாசித்திருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் பலகையை எடுத்து, ரொசாலி, எனக்குத் தெரியலடா, என்று எழுத ஆரம்பித்தேன்.